அலகு: கி.லி.

மூன்றாவது மாடியில், கூட்ட அறைக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் பியூலா செல்வராணி வந்து உட்கார்ந்தபோது மணி பத்து ஐம்பது. பதினொன்றரைக்குச் செயலாளர் அம்மா கீழே இறங்கிப் போய்ப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்த எண்ணைப் படித்துவிடுவார். படித்துவிட்டால் படித்ததுதான், பிறகு அது பியூலாவின் எண் இல்லை, அரசாங்கத்தின் எண். இடையில் நாற்பது நிமிடம் இருக்கிறது. மடியில் பழுப்புக் கோப்பு, கோப்புக்குள் ஒரே ஒரு தாள். தாளின் முன்பக்கத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பதினோரு மாவட்டம், பதினோரு வரிசை, முத்து முத்தான கையெழுத்து, கீழே ரப்பர் முத்திரை, எல்லாம் இருக்கிறது. பின்பக்கத்தில்தான் வினை, திருநெல்வேலி மண்டல அலுவலகம் எழுதிய நான்கு வரி. ‘கி.லி. என்பது கிலோலிட்டர் என்று புரிந்துகொள்கிறோம். ஆனால் டிப்போக்களிலிருந்து எங்களுக்கு டீசல் கணக்கு வழக்கம்போல் டன்னில்தான் வருகிறது. ஆகவே பதினோரு மாவட்டங்களுக்கும் டன்னிலேயே நிரப்பியுள்ளோம். தங்கள் மேலான கவனத்திற்கு.’ மேலான கவனம்! நான்கு மாதமாக அந்த மேலான கவனம் எங்கே போய்த் தொலைந்திருந்தது? மின்னஞ்சலில் முன்பக்கம் மட்டும் வந்தது. அசல் தாள் தபாலில் கிளம்பி, வேறொரு பிரிவின் அலமாரியில் நான்கு மாதம் சுகமாகத் தூங்கிவிட்டு, இன்று காலை பத்து மணிக்கு அவள் மேஜைக்கு வந்தது. “உங்களோடதான்னு பாருங்க பியூலா” என்று போட்டுவிட்டுப் போனாள் தபால் பிரிவு அம்மாள். அவள்பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நேற்று வந்திருக்கக் கூடாதா, இல்லை நாளை மறுநாள் வந்திருக்கக் கூடாதா. நாளை மறுநாள் வந்திருந்தால், என்று நினைத்த உடனே பியூலாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது, வெறுப்போடு கூடவே ஒரு சின்ன ஆசையும் வந்தது, ஆமாம், நாளை மறுநாள் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மாநிலத்தில் ஓடுகிற அத்தனை வண்டியும், லாரியும் பஸ்ஸும் காரும் ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவும், ஒரு வருடத்தில் எத்தனை டன் கரியமில வாயுவை விட்டது என்று கணக்குப் போடுவது அவள் வேலை. யாரும் புகைபோக்கியில் பையைக் கட்டிப் பிடிப்பதில்லை. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு டீசல் விற்றது என்று தெரிந்தால் போதும், அதைப் பெருக்கினால் புகை வந்துவிடும். ஒரு டன் டீசல் எரிந்தால் சுமார் மூன்று புள்ளி இரண்டு டன் வாயு. எரிந்ததைவிட எப்படி அதிகம் வரும் என்று அவள் மகள் ஷைனி கேட்டாள், காற்றிலிருக்கிற பிராணவாயுவும் சேர்ந்துகொள்கிறது இல்லையா என்றாள் பியூலா, அப்படியென்றால் நாம் காற்றையும் சேர்த்து எரிக்கிறோமா என்றாள் ஷைனி. கேட்கிற கேள்வியைப் பார். டன்னில் வந்தால் இப்படி ஒரே பெருக்கல். லிட்டரில் வந்தால் முதலில் எடையாக மாற்ற வேண்டும், டீசல் தண்ணீரைவிட லேசு, கிலோலிட்டரைப் புள்ளி எட்டு மூன்றால் பெருக்கினால் டன். அவ்வளவுதான் விஷயம். டன்னில் வந்ததைக் கிலோலிட்டர் என்று நினைத்துப் புள்ளி எட்டு மூன்றால் பெருக்கியிருக்கிறாள். உரித்த வெங்காயத்தை மறுபடி உரித்த மாதிரி. பதினோரு மாவட்டத்தின் டீசலில் நூற்றுக்குப் பதினேழு பங்கு, ஒரு லாரியும் எரிக்காமல், ஒரு பஸ்ஸும் குடிக்காமல், அவள் கணினிக்குள் ஆவியாகிவிட்டது. எவ்வளவு ஆவியானது? தென் மண்டலத்தின் டீசல் மொத்தம் இருபத்திரண்டு லட்சம் டன், இருபத்திரண்டு லட்சத்தில் பதினேழு பங்கு என்றால், வேண்டாம். பெருக்காதே. தரையில் எத்தனை சதுரக்கல் என்று எண்ணு. சுவரோரம் ஒன்பது, ஒன்று உடைந்தது. சிறுவயதிலிருந்தே பஸ் டிக்கெட்டின் எண்களைக்கூடக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போடுகிற புத்தி அது, இன்று காலையிலிருந்து அந்த ஒரு பெருக்கலை மட்டும் செய்ய மாட்டேன் என்று மாடு மாதிரி நிற்கிறது. இந்த வருடம் புகை குறைந்தது என்று சொன்னோமே, இப்போது குறைவு இல்லை என்றால் சமமா, சமம் என்றால்கூடப் பரவாயில்லை, சமம் என்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். பெருக்காத வரைக்கும் சமமாக இருக்கலாம்.

படிவம் அவளுடையது. பழைய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, அதில் எடைக்கு ஒரு கட்டம், கொள்ளளவுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருந்தன, எவன் எதை நிரப்பினாலும் தெரிந்துவிடும். ஆட்சிமொழி ஆய்வு வருகிறது, எல்லாப் படிவமும் தமிழில் வேண்டும் என்றபோது நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கியவள் இவள்தான். தூக்காமல் இருந்திருக்கலாம், எத்தனை கைகள் பேசாமல் கிடந்தன. இரண்டு கட்டமும் கொள்ளவில்லை, தமிழில் சொற்கள் நீளம், ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாள், கிலோலிட்டர் என்று முழுதாக எழுதினால் வரி உடைந்து அசிங்கமாக இருந்தது, கி.லி. என்று சுருக்கினாள். அழகாக உட்கார்ந்தது. அழகுக்குச் செய்தாள்! ஆய்வுக்கு வந்தவர் படிவத்தைக் கையில் பிடித்துத் தூரமாகவும் கிட்டவாகவும் வைத்துப் பார்த்து, “இப்படி இருக்கணும்” என்றார், பாராட்டுச் சான்று ஒன்று சட்டம் போட்டு வந்தது, வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. திருநெல்வேலி அலுவலகத்து ஆட்களெல்லாம் அந்த இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கிற புள்ளியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அது அவளுக்கு இன்று காலை போனில்தான் தெரிந்தது.

திருநெல்வேலி மண்டல அலுவலகத்துப் பேச்சிமுத்துவிடம் பேசினாள். முகம் தெரியாது, கையெழுத்து மட்டும் ஏழு வருடப் பழக்கம். அந்தப் பக்கம் மின்விசிறியும் யாரோ தட்டச்சு செய்கிறதும் கேட்டது. “நான்தான் பின்னால எழுதியிருக்கம்லா மேடம்? பின்பக்கம் பார்க்கன்னு ஓரத்துல ஒரு அம்புகூடப் போட்டேனே” என்றார். அம்பு ஸ்கேனில் விழவில்லை என்றாள் இவள். “அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? மிசின் ஓரத்தத் திங்குதுன்னு போன வருசமே எழுதிப் போட்டாச்சு. படிவம் வந்த அன்னைக்கு இங்க ஒரே சிரிப்பாணி மேடம், என்னல இது, மெட்ராஸ்ல இருந்து நமக்குக் கிலிய அனுப்பியிருக்காவன்னு. தப்பா எடுத்துக்கிடாதீங்க.” சென்னை வந்து இருபது வருடமாக மடித்து உள்ளே வைத்திருந்த பேச்சு அவளையறியாமல் வெளியே வந்தது: “அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பதினோரு மாவட்டமுமா டன்னு? ஒண்ணு ரெண்டு லிட்டர்ல வந்திருக்காதா?” தாளைப் புரட்டுகிற சத்தம். “பதினொண்ணுந்தான் மேடம். ஒண்ணு மாறினா கூட்டல் ஒதைக்கும்லா. ஏன், எதுவும் பிரச்சினையா?” ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒன்றுமில்லை! மனுஷன் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார், புரிந்ததைப் புரிந்தது என்று எழுதி, செய்ததைச் செய்தேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவரிடம் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லத் தெரிந்தது, அதுவும் ஊர்ப் பேச்சில்.

ஆனால் அவளுக்குத் தெரியவே தெரியாதா? தெற்கே சட்டென்று எண் இறங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாள், உட்கார்ந்து யோசித்தாள், காரணம் கண்டுபிடித்தாள். நாகர்கோவில் பக்கம் பேட்டரி ஆட்டோ வந்துவிட்டது. ரயில் கூடியிருக்கிறது, ஆட்கள் பஸ்ஸை விட்டிருப்பார்கள். அந்த வருடம் மழை, பட்டாசு லோடு குறைச்சல், காற்றாலைக்கு இறக்கை ஏற்றிப் போகிற நீள லாரிகளும் முன்னைப்போல் இல்லை. ஒவ்வொன்றும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. இரண்டு பக்கம் எழுதினாள். யாரும் கேட்காமலே எழுதினாள். காரணம் தேடுகிறவளுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்? அந்த வாரம் முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது முன்னெல்லாம் பச்சை விழக் காத்திருக்கிற வண்டிகளைப் பார்த்தாலே மனசுக்குள் மீட்டர் ஓடும், அந்தத் தண்ணீர் லாரி நிமிடத்துக்கு இவ்வளவு, இந்தக் கால்டாக்ஸி இவ்வளவு, நிறுத்தித் தொலையேன்டா என்று வாய்க்குள் திட்டு. அந்த வாரம் திட்டவில்லை. போங்கள், போங்கள், இறங்க ஆரம்பித்துவிட்டது என்று எல்லோரையும் மன்னித்துவிட்டாள். வீட்டில் புருஷன் தேவசகாயம் அவளைப் புகை என்றுதான் கூப்பிடுவார், “என்ன புகை, இன்னைக்குக் கொழம்புல உப்ப மறந்தாச்சா” என்பார். “உப்பு கிடக்கட்டும், இந்த வருஷம் மூணு லட்சம் டன்னு இறங்கியிருக்கு” என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தார். “நெசமாவா?” என்றார். ஆறு வருடமும் ஏறிக்கொண்டே போகிற ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு ஏழாவது வருடம் அது இறங்கியபோது, சந்தேகப்பட மனசு வரவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்தாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

“டீ சாப்ட்றியாம்மா?” என்று கேட்டார் தபேதார் தேசிங்கு. வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக அறை வாசலில் நிற்பது அவர் வேலை, உள்ளே யார் போகலாம் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். வேண்டாம் என்றாள். “மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கெடக்குது? உள்ள இன்னா நடக்குது தெரியுமா, ஒரே குஷி. உங்க நடனசபாபதி ஐயா இருக்காரே, சிரிக்கவே மாட்டாரு, அவரு சிரிக்கிறாரு.” கதவு திறந்து யாரோ தட்டோடு வெளியே வர, உள்ளிருந்து குளிரும் சமோசா வாசனையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவள் முகத்தில் மோதின, கதவு மூடிக்கொண்டது. குளிர்சாதனத் தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே தகரத்தின்மேல் சொட்டியது, சொட்டு, சொட்டு, நின்று ஒரு சொட்டு. சேலை ஊசி தோளில் குத்துகிறது, அதை எடுத்து மறுபடி குத்தக் கை வரவில்லை. துணை இயக்குநர் நடனசபாபதி சிரிக்கிறாரா? போன வருடம் அவர் மேஜையில் எண்ணை வைத்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மறுபடியுமாம்மா” என்று மட்டும் கேட்டார். இந்த வருடம் அவள் இருக்கைக்கு அவரே எழுந்து வந்தார், அவர் எழுந்து வருவதைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள், “ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆறேன், அதுக்குள்ள ஒரு தடவையாவது இறங்கறதப் பார்த்துட்டேம்மா” என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனிதரின் முன்னால் போய் இந்தத் தாளைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்பலாம். என்ன எழுத? அவசரம் என்றா? இந்தக் கட்டடத்தில் அவசரம் என்று எழுதாத சீட்டு எது. தவறு என்று எழுதலாம். த என்று எழுதினாள், பேனா அங்கேயே நின்றது, யாருடைய தவறு என்று கேட்பார்கள், படிவம் யார் போட்டது என்று கேட்பார்கள், நான்தான் என்று சொல்ல வேண்டும். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும், சான்றிதழைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும், சுவரில் ஒரு வெளுத்த சதுரம் தெரியும், ஷைனி ஏன் என்று கேட்பாள். பேனாவை மூடினாள். மணி பதினொன்று இரண்டு.

வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஊரில், அவளுக்குப் பத்தொன்பது வயது, அத்தை மகள் எஸ்தருக்குக் கலியாணம் நிச்சயமாகி ஆலயத்தில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். சபைப் போதகர் ஐயர் பெயர்களை வாசித்துவிட்டு, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்துவார். ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது வழக்கத்துக்கு விடுகிற இடைவெளி, ஆனாலும் அந்த இடைவெளியில் குழந்தைகள்கூடச் சத்தம் போடாது. பியூலாவுக்குத் தெரியும். கல்லூரி விடுதித் தோழி சொல்லியிருந்தாள், அந்த மாப்பிள்ளைக்குப் பம்பாயில் ஏற்கெனவே ஒருத்தி, குழந்தையும் உண்டு. முதல் ஓலைக்கு, நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று இருந்தாள். இரண்டாம் ஓலைக்கு முன்பே தோழியின் கடிதம் வந்து நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, இவ்வளவு தாமதமாக எப்படிச் சொல்வது என்று இருந்தாள். மூன்றாம் ஓலையில் ஐயர் நிறுத்தினார், இவள் இருமினாள். வேண்டுமென்றே இருமவில்லை, தொண்டை தானாக இருமியது, எல்லாத் தலையும் திரும்பின, எஸ்தரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். இரண்டாம் வருடம் எஸ்தர் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள், அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மஸ்கோத் அல்வா வாங்கிப் பார்சல் அனுப்புகிறாள், பியூலாவுக்குப் பிடிக்குமே என்று. இவளுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது எஸ்தருக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை ஊருக்குப் போகும்போது நினைத்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் போன முறையைவிடத் தாமதமாகிவிட்டது என்று வந்துவிடுவாள்.

இங்கே யாருக்கு என்ன ஆகிவிடும்? ஒரு எண். காற்றில் கலந்தது கலந்துவிட்டது, பியூலா குறைத்து எழுதியதால் அது கூடவும் போவதில்லை, கூட்டி எழுதினால் இறங்கவும் போவதில்லை. அடுத்த வருடம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் அடுத்த வருடம் சரியாகப் போட்டால் ஒரேயடியாக ஏறித் தெரியும், ஏன் ஏறியது என்று கேட்பார்கள். அப்படியானால் ஒரே வருடத்தில் வேண்டாம், நான்கைந்து வருடத்துக்குப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், அடர்த்தி எண்ணைத் திருத்தினோம் என்று அடிக்குறிப்பு போடலாம், அடிக்குறிப்பை எவன் படிக்கிறான். எவ்வளவு வேகமாக வருகிறது பார் யோசனை. இவ்வளவு நேரம் ஒரு பெருக்கலைச் செய்ய மறுத்த மூளை, மறைக்க வேண்டும் என்றதும் ஐந்து வருடத்துக்குத் திட்டம் போட்டுவிட்டது. பியூலா பயந்துபோனாள். உண்மையாகவே பயந்தாள். ஒரு எண் என்றுதானே நினைத்தாய்? உரையின் கடைசிப் பத்தியை நீதானே தமிழில் தட்டச்சு செய்தாய், சொல், என்ன எழுதினாய்? ‘வெளியீடு குறையத் தொடங்கியுள்ளதால், கூடுதல் பேருந்துகள் வாங்கும் இரண்டாம் கட்டம் தற்போதைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.’ தற்போதைக்கு. இந்தக் கட்டடத்தில் தற்போதைக்கு என்றால் எத்தனை வருடம் என்று தேசிங்குவைக் கேட்டால்கூடச் சொல்வார். காலையில் அவள் ஏறி வந்த பஸ்ஸில் படிக்கட்டில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றாள், கையில் டிபன் பை, மற்றக் கால் வைக்க இடமில்லாமல் காற்றில் இருந்தது, நடத்துனர், “உள்ள போம்மா, உள்ள போம்மா” என்று கத்தினார், எங்கே போவாள், உள்ளே ஆள்மேல் ஆள். இன்னொரு வாரம் பார்த்துவிட்டு அவளும் தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்துவிடுவாள். எடுப்பார்கள், எல்லோரும் எடுப்பார்கள். பஸ் வராவிட்டால் ஸ்கூட்டர் வரும், ஸ்கூட்டர் வந்தால் அது அடுத்த வருடம் பியூலாவின் மேஜைக்கு எண்ணாக வரும். அவள் தப்பாகப் போட்ட எண்ணே போய் ஊரில் புகை கிளப்பிவிட்டு வரும். ஒரு எண்ணாம்.

பதினொன்று பதினெட்டு. உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் போகிறார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டால் வராண்டாவில் கும்பலாக நடப்பார்கள், கும்பலில் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது, லிஃப்டுக்குள் ஏறிவிடுவார்கள், கதவு மூடிவிடும், பிறகு இவ்வளவு தாமதமாக எப்படிச் சொல்வது என்று ஆகிவிடும். பியூலா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா கூப்ட்லியேம்மா” என்றார் தேசிங்கு. “தெரியும்” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, குறுக்கே நீட்டியிருந்த கையை எடுத்துக் கதவைத் தள்ளிவிட்டார்.

“வாங்க, வாங்க, இந்த வெற்றிக்குக் காரணமானவங்களே வந்துட்டாங்க” என்றார் செயலாளர் அம்மா. வடக்கே பிறந்தவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருத்தமான தமிழ். கையில் உரை இருந்தது. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், எட்டு முகமும் சிரித்தபடி திரும்பின, ஓரத்தில் நடனசபாபதியும். பியூலாவுக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது. அதை விழுங்கினாள். “மேடம், எண் தப்பு” என்றாள். எதிர்பார்த்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. தாளை எடுத்துப் பின்பக்கம் மேலே தெரிய அவர் முன்னால் வைத்தாள். தென் மண்டலத்துப் பதினோரு மாவட்டமும் டன்னில் வந்தது, நான் கிலோலிட்டர் என்று நினைத்து மறுபடி எடையாக மாற்றிவிட்டேன், இறங்கியதாகச் சொன்னது நிஜமில்லை என்றாள், இதையெல்லாம் யாரோ சொல்வது மாதிரிக் கேட்டுக்கொண்டே சொன்னாள். செயலாளர் அம்மா அந்த நான்கு வரியை விரல் வைத்துப் படித்தார். “படிவம் தயாரித்தது யார்?” “நான்தான் மேடம்.” சொல்லியாகிவிட்டது. அரை மணி நேரமாக வெளியே வராத விஷயம், சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்படியானால் சரியான எண் என்ன?” என்று கேட்டார் செயலாளர் அம்மா.

இனிமேல் ஓட இடமில்லை. யாரோ பென்சிலை நீட்டினார்கள், அவள் நின்றபடியே கோப்பின் அட்டைமேல் எழுதினாள். இருபத்திரண்டு லட்சம். அதில் பதினேழு பங்கு, மூன்று லட்சத்து எழுபத்து நாலாயிரம். அதை மூன்று புள்ளி இரண்டால் பெருக்கினாள். ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். மூன்று லட்சம் இறங்கியது என்றிருந்தோம். பன்னிரண்டில் மூன்று போனால். “ஒன்பது லட்சம் டன் ஏறியிருக்கு மேடம்” என்றாள். “இந்த ஏழு வருஷத்தில் இவ்வளவு ஏறினதே இல்லை.” சமம்கூட இல்லை. தட்டில் மிஞ்சிய சமோசாவைப் பார்த்தபடி எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அம்மா பேனாவைத் திறந்து, உரையின் கடைசிப் பத்தியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார், பிறகு முதல் பத்தியையும் அடித்தார், நடுவில் அடிக்க என்ன இருக்கிறது என்று தேடுவது மாதிரித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கீழே சொல்லிவிடுங்கள், பத்து நிமிடம் தாமதமாகும்” என்றார். “என்ன சொல்லப்போறீங்க மேடம்?” என்று யாரோ கேட்டார்கள். “ஒன்பது லட்சம் ஏறியிருக்கிறது என்று சொல்லப்போகிறேன். பேருந்து வேண்டும் என்று சொல்லப்போகிறேன். வேறு என்ன சொல்வது?”

நடனசபாபதி மட்டும் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள், கோபப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். “இன்னொரு தடவை போடும்மா” என்றார், மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி. போட்டாள். கீழிருந்து மேலே திருப்பிப் போட்டாள், அதேதான் வந்தது. “பதினொண்ணுமா டன்னு? கேட்டியா?” கேட்டேன் சார் என்றாள். அவர் பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அட்டையைத் தன் பக்கம் திருப்பி, உதடு அசைய அசைய, தானே முதலிலிருந்து போட ஆரம்பித்தார். ஒவ்வொரு இலக்கத்தையும் அழுத்தி எழுதினார். கடைசிக் கழித்தலுக்கு வந்ததும் கை நின்றது. கோட்டுக்குக் கீழே எழுதாமல் அவளை நிமிர்ந்து பார்த்து, “ஒன்பதுதானா?” என்றார். படிவம் என்னுடையது என்று சொன்னபோது வராத அழுகை அப்போதுதான் பியூலாவுக்கு வந்தது. “ஒன்பதுதான் சார்” என்றாள்.